காதால் கேட்ட வார்த்தைகள்

அராவா, இஸ்ரேல்
17-1-1999

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மாரிச்சாமி எழுதிக்கொண்டது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் இருமல் நின்றதா, அந்த அறுபத்தெட்டுப் படியும் ஏறி நாலாம் மாடிக்கு வரும்போது மூச்சு வாங்குவது குறைந்ததா என்பதை முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

விஷயம் இதுதான். என் முதலாளியம்மா ஓர்னா நேற்று நான் குடைமிளகாய் பறித்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்து, ‘உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்றாயே, வயதானவர்களைப் பார்த்துக்கொள்வாளா’ என்று கேட்டார். அவருடைய தாயாருக்கு எண்பத்தொரு வயது. அடுத்த ஜனவரியிலிருந்து கூடவே இருக்க ஒரு ஆள் வேண்டுமாம். நம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த மூன்று வருஷமும் நீதான் பார்த்தாய் என்று சொன்னேன். அவருக்குத் திருப்தி. நீ வந்தால் என் விவசாயப் பயிற்சி விசாவையும் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித் தருகிறாராம். நாம் இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கலாம், அக்கா.

ஒரே ஒரு நிபந்தனை. அந்தக் கிழவிக்கு ஹீப்ரு தவிர வேறு பேச்சு வராது. சாப்பிடுங்கள், உட்காருங்கள், எங்கே வலிக்கிறது என்கிற அளவுக்கு உனக்குப் பேச வர வேண்டும். நவம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓர்னா ரங்கூனுக்கு டெலிபோன் போட்டு உன்னிடம் பேசிப் பார்ப்பார். கீழே அப்துல் ரவூப் பாய் பெயின்ட் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் சொல்லிவை.

பயப்படாதே, நான் கற்றுத் தருகிறேன். அவர்கள் எழுத்துகளைத் தனித் தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். இந்த பாஷையில் அநேகமாக எல்லாச் சொல்லுக்கும் அடியில் மூன்று எழுத்து இருக்கும். அதை வேர் என்கிறார்கள். வேரைப் பிடித்துக்கொண்டால் ஒரு கொத்துச் சொல் கையோடு வரும். க்-த்-வ் என்று ஒரு வேர். எழுதுவது சம்பந்தப்பட்டது. மிக்தாவ் என்றால் கடிதம். க்தோவெத் என்றால் விலாசம். ஷ்-ல்-ம் இன்னொன்று. ஷாலோம் என்றால் வணக்கம், சமாதானம். ஷாலேம் என்றால் முழுசு, உடையாதது. ‘மா ஷ்லோமேக்’ என்றால் எப்படி இருக்கிறாய். ஹ்-ம்-ம் என்றால் சூடு. நான் வேலை செய்கிற பிளாஸ்டிக் கூரைத் தோட்டத்துக்கு ஹமாமா என்று பெயர், ஏனென்று நீயே தெரிந்துகொள்.

ஒரு விதி வைத்திருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்து எழுத மாட்டேன். அந்தந்த வாரம் என் காதால் கேட்ட வார்த்தையை மட்டும்தான் எழுதுவேன். புத்தகத்து ஹீப்ரு பேசினால் கிழவி சிரிப்பாள்.

ஹகோல் பெசேடர். அப்படியென்றால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஸ்-ட்-ர் வேர், ஒழுங்கு. இங்கே நாளுக்கு நூறு தடவை சொல்கிறார்கள்.

உன் தம்பி
மாரி

*

நாலாம் மாடி, 26ஆம் தெரு, யாங்கூன்
14-2-1999

அன்புத் தம்பி மாரிக்கு,

அக்கா நீலாம்பாள். இருமல் போய்விட்டது, மூச்சு வாங்குவது போகவில்லை. படியும் குறையவில்லை, வயதும் குறையவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? வெயிலில் தலைக்குத் துணி கட்டுகிறாயா?

என்னைக் கேட்காமலே என்னை விற்றுவிட்டு வந்திருக்கிறாய். லைங் தாயா கார்மென்ட் கம்பெனியில் சட்டைப் பாக்கெட் தைக்கிறவளுக்கு முப்பத்தாறு வயதில் ஹீப்ருவா? படித்து முடித்ததும் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன். ஒரே ஊரில் இருக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்.

ரவூப் பாயிடம் டெலிபோன் விஷயம் சொல்லக் கீழே போனேன். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “இது நம்ம அரபி மாதிரியே இருக்கே தங்கச்சி. கிதாபு, மக்தபு எல்லாம் இந்த வேருதான்” என்றார். அவர் மதரஸாவில் எட்டு வருஷம் ஓதியவர் அல்லவா. பெயின்ட் டின் மேல் உட்கார்ந்து எனக்கு ‘ஹ’ சொல்லிக் கொடுத்தார். தொண்டையைக் காறுவதுபோல் வர வேண்டுமாம். வாங்க வந்த பர்மாக்காரர் எனக்குச் சளி என்று நினைத்துத் தள்ளி நின்றார்.

சொற்களைத் துணிக்கட்டோடு வரும் டிக்கெட் அட்டையின் பின்பக்கம் எழுதி மெஷினில் செருகி வைத்திருக்கிறேன். பாக்கெட் ஒன்றுக்கு ஒரு சொல். ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி ஃபெர்ரி பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். பக்கத்து சீட்டு மா சோ, நான் மந்திரம் சொல்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஒரு நோட்டும் போட்டிருக்கிறேன். சமையலுக்கு ஒரு பக்கம், வீட்டுச் சாமானுக்கு ஒரு பக்கம், தோட்டத்துக்கு ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம்.

தெருக்கோடி யூதர் கோயில் வாசலில் உள்ள எழுத்து இத்தனை வருஷம் எனக்குக் கோடும் புள்ளியுமாகத்தான் தெரிந்தது. நேற்று அதில் ஒரு எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஷாலோமில் வருகிற ஷ. அங்கேயே நின்றுவிட்டேன், சைக்கார் ரிக்‌ஷாக்காரன் மணி அடித்துத் திட்டினான்.

சமையல் சொல் அனுப்பு. கூரைத் தோட்டத்தில் ஜாக்கிரதை. உனக்கு எங்கே நின்றாலும் அண்ணாந்து பார்க்கிற புத்தி.

ஆசீர்வாதத்துடன்
அக்கா

*

அராவா
12-3-1999

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், கறுத்துப்போயிருக்கிறேன். நீ படியில் நடுவே ஒரு தடவை நின்று ஏறு, ஓடி ஏறாதே.

ரவூப் பாய்க்கு ஒரு செய்தி. அ-வ்-த் என்று ஒரு வேர். அவோதா என்றால் வேலை, ஓவெத் என்றால் வேலைக்காரன். அவருடைய அப்துலும் அதுதானாம், இங்கே டிராக்டர் ஓட்டுகிற அரபிக்காரர் சொன்னார். முதலாளி கடையில் உட்கார்ந்திருந்தாலும் பெயரில் வேலைக்காரர்தான் என்று நான் சொன்னதாகச் சொல்.

சமையல்: ஓஹெல், சாப்பாடு. மாயிம், தண்ணீர். மெலஹ், உப்பு. குடைமிளகாய்க்குப் பில்பெல். எனக்கு நம் திப்பிலி ஞாபகம் வந்தது. யேஷ் என்றால் இருக்கிறது, எய்ன் என்றால் இல்லை. இந்த இரண்டை வைத்துக்கொண்டே நான் முதல் ஒரு மாதம் ஓட்டினேன். லோ என்றால் வேண்டாம், இல்லை, முடியாது, எல்லாம்.

இன்னொரு முக்கியமான சொல், ஸவ்லானூத், பொறுமை. வேர் ஸ்-வ்-ல், சுமை. ஸபால் என்றால் மூட்டை தூக்குகிறவன். நம் அப்பா துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினாரே, அவரும் ஸபால். பொறுமைக்கும் மூட்டைக்கும் ஒரே வேர் வைத்தவனைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கிழவியிடம் கேட்க வேண்டியது: ‘மா கோஏவ் லாக்’. உங்களுக்கு எங்கே, என்ன வலிக்கிறது. ஆம்பளையாக இருந்தால், அவனுக்கு என்ன வலி என்பதற்கு ‘மா கோஏவ் லோ’. இந்த லோ வேறு, அவனுக்கு என்று அர்த்தம். கிழவியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு உன் பெயர் வாயில் நுழையவில்லை, நீலா என்று வைத்துக்கொண்டாள்.

மே மாதத்தோடு பறிப்பு முடியும். அப்புறம் கூரை வலைகளைக் கழற்றும் வேலை.

ஹகோல் பெசேடர்.

மாரி

*

நாலாம் மாடி, 26ஆம் தெரு
18-4-1999

அன்புத் தம்பிக்கு,

தண்ணீர்த் திருவிழாவுக்கு ஐந்து நாள் கம்பெனி லீவு. தெருவே நனைந்து கிடக்கிறது, நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். உடம்பு தேவலை. உனக்கு அங்கே வெயில் ஏறியிருக்குமே, தண்ணீர் நிறையக் குடி.

பாய்க்கு உன் செய்தியைச் சொன்னேன். “அவன் வரட்டும், டின் தூக்க வச்சு அவோதான்னா என்னான்னு காட்டறேன்” என்றார்.

நோட்டில் சமையல் பக்கம் நிறைந்து அடுத்த பக்கம் போகிறது. ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ‘கோஏவ்’ ஒன்றுதான் தனியாக உட்கார்ந்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். நேற்றுக் கனவில் ஓர்னா டெலிபோனில் கேட்கிறார், எனக்கு எல்லாம் பர்மியில் வருகிறது. எழுந்து உட்கார்ந்து மாயிம், மெலஹ் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

நீ கூரை மேல் ஏறுகிற வேலை என்று எழுதியிருக்கிறாய். மாவ்பி தோட்டத்தில் பந்தல் மேல் ஏறி விழுந்து ஒரு மாதம் கை கட்டிக்கொண்டு திரிந்தவன்தானே நீ. வேறு ஆளை ஏற்றச் சொல். உடனே பதில் போடு.

அக்கா

*

நாலாம் மாடி, 26ஆம் தெரு
20-6-1999

அன்புத் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன்.

மே மாதம் கடிதம் இல்லை, ஜூனும் பாதி போயாயிற்று. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறார். ஒருவேளை நம் சர்க்கார் ஆட்கள் பிரித்துப் படித்துவிட்டு, ஹீப்ரு எழுத்தைப் பார்த்துப் பயந்து வைத்துக்கொண்டார்களோ என்னவோ. அப்படி இருந்தால் இதைப் படிக்கிற அதிகாரி ஐயாவுக்குச் சொல்லிக்கொள்கிறேன், அது சமையல் சாமான் பட்டியல்.

போன ஞாயிறு தந்தி ஆபீசுக்குப் போய் வெளிநாட்டுக் காலுக்கு எழுதிக் கொடுத்தேன். நம்பர் என்ன என்று கேட்டார்கள். என்னிடம் நம்பர் இல்லை. நீ தரவே இல்லை என்பது அந்த கவுன்ட்டரில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பாக்கெட்டுகளைக் கோணலாக வைத்து இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன். ஒரு வரி போதும் மாரி. வேர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அக்கா

*

இஸ்ரேல்
11-7-1999

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வலை கழற்றும் வேலையில் கை ஓயவில்லை. உன் இரண்டு கடிதமும் சேர்ந்தாற்போல் கிடைத்தன. நான் நன்றாக இருக்கிறேன், தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. நீ நெஞ்சைக் காட்டி டாக்டரைப் பார்.

இந்தத் தடவை வேறு மாதிரி சொற்கள். கிழவியை இடையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நானும் ஓர்னாவோடு போய்வருகிறேன். அங்கே கேட்டவை. உனக்கு எப்படியும் தேவைப்படும்.

ஹ்-ல்-க், பங்கு. ஹெலெக் என்றால் ஒரு பகுதி, மஹ்லக்கா என்றால் வார்டு.
ஹ்-ப்-ஷ், கட்டுவது. தஹ்போஷெத், காயத்துக்குப் போடும் கட்டு.
ர்-ப்-அ, குணம். ரோஃபே, டாக்டர். த்ரூஃபா, மருந்து.
ஷ்-வ்-ர், உடைவது. ஷெவெர், எலும்பு முறிவு.
ந்-ப்-ல், விழுவது. மப்பால் என்றால் அருவி, நஃபால் என்றால் விழுந்தான்.
ந்-த்-ஹ், வெட்டுவது. நித்துவாஹ், ஆபரேஷன்.

நோயாளியிடம் விடைபெறும்போது ‘ரெஃபுவா ஷ்லேமா’ என்பார்கள். முழுசாகக் குணமாகட்டும் என்று அர்த்தம். அந்த ஷ்லேமா நம் பழைய ஷாலேம்தான்.

நர்ஸை அஹோத் என்றுதான் கூப்பிட வேண்டும். அஹோத் என்றால் கூடப் பிறந்தவள். அஹ் என்றால் கூடப் பிறந்தவன். நாளைக்குப் பத்துத் தடவை அஹோத், அஹோத் என்று கூப்பிடும்போது உன் முகம்தான் வருகிறது.

ஹகோல் பெசேடர். நவம்பர் ஏழாம் தேதியை மறக்காதே.

மாரி

*

நாலாம் மாடி, 26ஆம் தெரு
8-8-1999

தம்பிக்கு,

கடிதம் வந்த அன்று படி முழுக்க நிற்காமல் ஏறினேன். நன்றாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

ஆனால் சில சந்தேகம். கிழவியைப் பார்க்கப் போகிறவன் எதற்காக நர்ஸை நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிட வேண்டும்? ஓர்னாவுக்கு வாயில்லையா? தபால் முத்திரையில் ஊர்ப் பெயர் வேறாக இருக்கிறது என்று பாய் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துச் சொன்னார். கடிதத்தின் தலையில் அராவா என்று எழுதுவாய், இதில் இஸ்ரேல் என்று மட்டும் இருக்கிறது. ஒரு தேசம் முழுக்கவா குடியிருக்கிறாய்?

கிழவிக்கு என்ன ஆயிற்று? விழுந்தாளா? எந்த எலும்பு? அதையும் எழுதவில்லை. பார்த்துக்கொள்ளப் போகிறவள் நான், எனக்குத் தெரிய வேண்டாமா?

நீ குடைமிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. நிற்கிற மாதிரி. மா சோ உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பொய், நான்தான் பார்க்க வேண்டும்.

நேற்று மழையில் மின்சாரம் போய் கம்பெனியில் மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் என் வாய் மட்டும் ஷெவெர், ஷெவெர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எனக்கே கேட்டது. பயமாக இருந்தது.

அக்கா

*

இஸ்ரேல்
5-9-1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சந்தேகப் புத்தி எங்கே போகும். நான் சுகம், பசி எடுக்கிறது, கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன். உன் மூச்சு எப்படி?

கிழவி தேறிவருகிறாள். போட்டோ வைத்திருக்கிறேன், பார். கேமராக்காரன் அரைகுறை, இடுப்போடு வெட்டிவிட்டான். செடி சீசன் முடிந்ததால் பின்னால் சுவர்தான்.

ர்-க்-ல் என்று ஒரு வேர். ராகில் என்றால் வழக்கமானது, சாதாரணம். ஹெர்கேல், பழக்கம். திர்கூல், பயிற்சி, தினமும் செய்கிற கசரத்து மாதிரி. லெஹித்ராகெல், பழகிக்கொள்வது. இங்கே ஒருவர் என்னிடம் தினம் சொல்கிறார், பழகிக்கொள்ளலாம், எல்லாமே பழகிக்கொள்ளலாம் என்று.

மத்ரேகா என்றால் படிக்கட்டு. இதுவும் இந்த வாரம் கேட்டது.

டெலிபோனில் ஓர்னா மெதுவாகத்தான் பேசுவார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். வேறு எதுவும் பேச வேண்டாம். இது மட்டும் என் வேண்டுகோள். இந்த வேலை உனக்குக் கிடைக்க வேண்டும் அக்கா, அதைத் தவிர எனக்கு இப்போது வேறு நினைப்பு இல்லை.

பெசேடர்.

மாரி

*

நாலாம் மாடி, 26ஆம் தெரு
3-10-1999

தம்பிக்கு,

உடம்பைப் பற்றி இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் சதை போட்டிருக்கிறேன் என்பாய்.

போட்டோவில் உன் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சிரிக்கிறாய், ஆனால் இரண்டு கையும் எதையோ அழுத்திப் பிடித்திருக்கிறது. எதை என்று வெட்டிவிட்டான்.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தோட்டப் பக்கத்தில் மார்ச் மாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் ஏறவில்லை. சமையல் பக்கத்திலும் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் நிறைந்து வழிகிறது. காதால் கேட்டதைத்தான் எழுதுவேன் என்று விதி வைத்தவன் நீ. ஜூன் மாதத்திலிருந்து உன் காதில் மிளகாய் என்ற சொல் விழவே இல்லையா? நீ எங்கே இருக்கிறாய் மாரி?

ரவூப் பாயிடம் கடிதத்தைக் காட்டினேன். அந்த ர்-க்-ல் வரியை இரண்டு தடவை படித்தார். வழக்கமாக அரபியில் இது இப்படி என்று உடனே சொல்கிறவர், கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார். எழுந்து போய் அடுக்கியிருந்த டின்களையே மறுபடி அடுக்கினார்.

நவம்பர் ஏழுக்கு முன்னால் பதில் போடு. உண்மையாக ஒரு வரி. சும்மா பெசேடர் என்று எழுதினால் கிழித்துவிடுவேன்.

நீலாம்பாள்

*

நாலாம் மாடி, 26ஆம் தெரு
7-11-1999

என் மாரிக்கு,

உன் பதில் வரவில்லை. டெலிபோன் வந்தது.

மூன்று மணியிலிருந்தே கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். பாய் கதவைப் பாதி இறக்கி, வருகிற ஆட்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நாலேகாலுக்கு மணி அடித்தது. ஓர்னா ஷாலோம் நீலா, மா ஷ்லோமேக் என்றார். நான் சொன்னேன். தண்ணீர், உப்பு, சாப்பாடு, உட்காருங்கள், எல்லாம் கேட்டார், எல்லாம் சொன்னேன். ஒரு இடத்தில்கூட நாக்கு தடுக்கவில்லை. அவர் சிரித்து, யோஃபி, யோஃபி என்றார். சபாஷ் என்று அர்த்தமாக இருக்கும். அப்புறம் உன்னைப் பற்றி ஏதாவது சொல் என்றார்.

பத்து வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பெயர், வயது, அம்மாவை மூன்று வருஷம் பார்த்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று நீ எழுதியிருந்ததும் ஞாபகம் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் வந்தது வேறு. ‘அஹ் ஷெலி. மா கோஏவ் லோ?’ என் தம்பி. அவனுக்கு என்ன வலி?

அவர், உனக்குத் தெரியாதா என்கிற மாதிரி ஏதோ கேட்டார். நான் மறுபடியும் அதையே கேட்டேன், மா கோஏவ் லோ. அவர் ஸவ்லானூத், நீலா, ஸவ்லானூத் என்றார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நஃபால். ஹமாமா. ஷெவெர். நித்துவாஹ். மறுபடியும் நித்துவாஹ்.

எனக்கு எல்லாம் புரிந்தது மாரி. நீ கற்றுக்கொடுக்காத ஒரு சொல்லையும் அவர் சொல்லவில்லை. நவம்பர் மாதம் இந்தச் செய்தி எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே நீ உட்கார்ந்து பாடம் எழுதினாய் போல் இருந்தது.

ஒரே ஒரு சொல் மட்டும் தெரியவில்லை. ‘ரெகெல் எய்ன்’ என்றார். எய்ன் தெரியும், இல்லை. ரெகெல் தெரியவில்லை. நான் ரிசீவரைப் பிடித்தபடியே ரெகெல், ரெகெல் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பாய் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். “கால், தங்கச்சி. அரபியில ரிஜ்லு. கால்” என்றார்.

“உங்களுக்குத் தெரியுமா பாய்?”

“போன மாசக் காயிதத்துலயே தோணுச்சு. எப்பவும் வேரோட அர்த்தத்தத்தான மொதல்ல எழுதுவான். அதுக்கு மட்டும் எழுதாம விட்டுருந்தான். தப்பா இருந்துட்டா என்ன பண்றதுன்னு வாய மூடிக்கிட்டேன். மன்னிச்சுக்கம்மா.”

அவரிடம் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. உன்னிடம் இருக்கிறது. ஐந்து மாதம். ஐந்து மாதம் அந்நிய ஊரில் காலைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டு எனக்கு அருவிக்குச் சொல் எழுதினாயே, பாவி.

ஓர்னா கடைசியில், ஜனவரியில் வருகிறாயா, வேலை உனக்குத்தான் என்றார். மாரி அங்கேயே இருப்பானா என்று எனக்குத் தெரிந்த சொல்லையெல்லாம் கோத்துக் கேட்டேன். ‘விசா எய்ன்’ என்றார். வேலை செய்ய முடியாதவனை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நான் வந்து யாரை உட்காரவைக்க, யாருக்குச் சோறு போட? லோ என்று சொல்லிவிட்டேன். அவர் இரண்டாம் தடவை கேட்டார். அப்போதும் லோ.

நன்றாக அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இனிமேல் எதையும் மறைத்தால் எனக்குத் தம்பியே இல்லை.

அக்கா

*

மறுவாழ்வு வார்டு, பேர்ஷெபா
1-12-1999

அக்கா,

என்ன எழுதுவது என்று மூன்று நாளாகத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் இரண்டாம் தேதி கூரை வலையைக் கழற்றும்போது கால் வைத்த குழாய் துருப்பிடித்திருந்தது. அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன், நீ சொன்னபடியே. முறிவோடு போயிருக்கும். புண்ணில் விஷம் ஏறிவிட்டது. இரண்டாவது ஆபரேஷனில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஓர்னாவிடம் கெஞ்சி சத்தியம் வாங்கியிருந்தேன். நீ டெலிபோனில் அப்படிக் கேட்டதும் அவரால் முடியவில்லையாம். இங்கே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.

தெரிந்தால் நீ படிப்பதை நிறுத்திவிடுவாய் என்று நினைத்தேன். என் கால்தான் போயிற்று, உன் வேலையாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு ஓர்னா கொடுத்திருக்கும் புத்தகத்தைப் பார்த்து நாலு சமையல் சொல் எழுதியிருந்தால் உனக்குச் சந்தேகமே வந்திருக்காது. எழுதலாம் என்று ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்தேன். கை வரவில்லை. எனக்கு நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு உன்னை விட்டால் யார்? அதனால் சொற்களாக அனுப்பிவைத்தேன். நீ கண்டுபிடிக்கக் கூடாது என்றும் இருந்தது, கண்டுபிடித்தால் தேவலை என்றும் இருந்தது.

விட்டுப்போனதை எழுதிவிடுகிறேன். வேர் ர்-க்-ல். ரெகெல், கால். மற்றதெல்லாம் உன் நோட்டில் இருக்கிறது.

மரக்கட்டையும் பிளாஸ்டிக்குமாக ஒன்று மாட்டிவிட்டிருக்கிறார்கள். தட்டையான தரையில் கம்பு வைத்து நடக்கிறேன். இங்கே பயிற்சிக்கு ஒரு படிக்கட்டு வைத்திருக்கிறார்கள், பன்னிரண்டு படி. ஏறி இறங்கினால் சட்டை நனைந்துவிடுகிறது. ராத்திரி படுத்துக்கொண்டு நம் வீட்டு அறுபத்தெட்டையும் ஏறிப் பார்க்கிறேன். முதல் மாடித் திருப்பத்திலேயே நின்றுவிடுகிறேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை அக்கா. வெளியே வராமல் நாலாம் மாடியிலேயே கிடப்பேன் என்று நினைக்கும்போதுதான் பயமாக இருக்கிறது. காலை எடுத்தபோதுகூட இத்தனை பயமில்லை.

இந்த வாரம் காதால் கேட்டது ஒரே சொல். ஹபைத்தா. வீட்டுக்கு. ஜனவரி கடைசியில் என்று ரோஃபே சொன்னார்.

மாரி

*

26-12-1999

அன்புத் தம்பி மாரிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒன்றும் மறைக்காமல் எழுதியிருக்கிறாய். அது போதும், திட்டுவதை நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, மூச்சு வாங்குவதும் நின்றுவிட்டது. ஏனென்று கீழே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ரவூப் பாய் தொழுகை முடிந்து வருகிற வரைக்கும் கடை வாசலில் நின்றிருந்து, வந்ததும் அவரிடம் பேசினேன். சனிக்கிழமை லீவு போட்டேன். மா சோவும் அவள் புருஷனும் வந்தார்கள். கட்டில், அலமாரி, அம்மா படம், உன் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கயிறு கட்டி ஜன்னல் வழியாகவே இறக்கிவிட்டோம். தெருவே அண்ணாந்து பார்த்தது. பாய் தன் கடைக்குப் பின்னால் சரக்கு போட்டிருந்த அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டார். டர்பன்டைன் வாசனை இன்னும் போகவில்லை. ஒரு ஜன்னல் இருக்கிறது, அதில் யூதர் கோயில் சுவர் தெரிகிறது. தெரு மட்டத்தில் கதவு. ஒரே ஒரு வாசற்கல் இருந்தது, அதையும் இன்று காலை கொத்தனாரை வைத்து எடுத்துவிட்டேன்.

பாய் உனக்கு வேலை வைத்திருக்கிறார். உட்கார்ந்து வண்ணம் கலக்குகிற வேலை. டின் தூக்க வைப்பேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டதாகச் சொல்லச் சொன்னார்.

விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். அதுவரைக்கும் அந்தப் பன்னிரண்டு படியையும் ஏறப் பழகு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரியில் படுத்துக்கொண்டு ஏறாதே.

கவருக்குப் பின்னால் நம் புது க்தோவெத் எழுதியிருக்கிறேன். தெரு அதேதான், கீழ்த்தளம். படி கிடையாது.

அக்கா